இழுவையும் மைலேஜும்: பழைய கார் ஓட்டும் நம் வட்டாரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் அம்பாசிடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் ஷெட்டில் பூட்டிவிடாமல் இன்னும் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், அந்த வண்டிகளைக் கை பார்த்துக் கொடுக்கும் பட்டறைத் தம்பிமார்களுக்கும் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக நாம் கூடுகிற இடத்திலெல்லாம் இரண்டு குறைதான் காதில் விழுகிறது. வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, பெட்ரோலை மட்டும் குடிக்கிறது. இழுவை வேண்டும் என்பவர் பெரிய கார்புரேட்டர் தேடுகிறார். மைலேஜ் வேண்டும் என்பவர் ஜெட்டைச் சின்னதாக்கி ஏர் ஸ்க்ரூவைத் திருகுகிறார். முன்னவருக்கு மைலேஜ் போகிறது, பின்னவருக்கு இழுவை போகிறது. ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்ற எண்ணம் நம் பட்டறைகளில் ஊறிப்போய்விட்டது. அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடல். பழைய எஞ்சினில் இரண்டையும் சேர்த்தே கூட்டுகிற வழி ஒன்று உண்டு. அது கம்ப்ரஷன். நாம் எல்லோரும் திட்டித் தீர்க்கிற, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலே அந்த வழியை இப்போது திறந்து வைத்திருக்கிறது.

திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீத வெப்பம் குறைகிறது. எத்தனால் கலப்புக்கு வழி வகுத்து நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அதில் இருக்கிறது. நம் வண்டிகள் அந்த 10 சதவீதத்துக்கும் யாரும் சரிசெய்து தராதவை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். இ20-க்கு ஏறத்தாழ 13.5. புது வண்டியில் சைலன்சர் குழாயில் இருக்கும் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் அப்படி ஏதும் கிடையாது. பழைய ஜெட் பழைய அளவைத்தான் விடும். அதனால் நம் எஞ்சின்கள் இன்று 7, 8 சதவீதம் பட்டினியில் ஓடுகின்றன. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் திணறுவதும், எக்ஸாஸ்ட் வால்வு கருகுவதும் இதனால்தான். மைலேஜ் குறைகிறதே என்று ஜெட்டை இன்னும் சின்னதாக்கினால் கேடு இரட்டிப்பாகும்.

பட்டாசு மருந்து கலக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றுக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. கரியை அள்ளிப் போட்டால் சத்தம் கூடாது, புகைதான் கூடும். எஞ்சினுக்குக் காற்றுதான் வெடியுப்பு. உள்ளே போகிற காற்றையும் அதை அழுத்துகிற அழுத்தத்தையும் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டி யாரும் இழுவை கண்டதில்லை.

இதற்கு நம் அம்பாசிடரின் எஞ்சினே சாட்சி. 1958-இல் உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை தயாரான இந்தக் காருக்கு, 1959-இலிருந்து வந்தது பி.எம்.சி. பி-வரிசையின் 1489 சிசி எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் அது 50 குதிரைத்திறனை ஒட்டித்தான் கொடுத்தது. அதே 1489 சிசி, எம்.ஜி. மேக்னட்டில் 60. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 68, பிறகு 72. போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றுதான். மாறியது காற்று வருகிற வழியும், எரிந்தது வெளியேறுகிற வழியும், கம்ப்ரஷனும். இந்த எஞ்சினின் ஹெட்டை வடிவமைத்த ஹாரி வெஸ்லேக், எரியும் அறையை இதய வடிவில் அமைத்தவர். காற்றும் பெட்ரோலும் உள்ளே சுழன்று கலந்து எரியட்டும் என்பது அவர் கணக்கு.

உடனே இரட்டை கார்புரேட்டர் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். இந்த ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்டேக் வழிதான். இரட்டை கார்புரேட்டரின் பலன் சுழற்சி ஏறிய பிறகுதான் தெரியும். நாம் அங்கே போவதேயில்லை. போகவும் கூடாது, ஏனென்றால் இதன் கிராங்க் மூன்றே பேரிங்கில் நிற்கிறது. கல்யாண வீட்டுக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இருக்கன்குடி ரோட்டில் அறுபதில் போகிற வண்டிக்கு வேண்டியது குறைந்த சுழற்சியில் இழுவை. அதைக் கொடுப்பது கம்ப்ரஷன்.

கம்ப்ரஷன் கூடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி 7.2-இலிருந்து 8.3-க்கு ஏறினால், அதே பெட்ரோலில் 4 முதல் 5 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்க வேண்டும். ஒரு துளிகூட அதிகம் ஊற்றாமல் வருகிற வலு இது. இ20 எடுத்துக்கொண்ட 7 சதவீதத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது.

முன்பே ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். ஆக்டேன் குறைவான பெட்ரோலில் கம்ப்ரஷன் கூடினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். அதற்குப் பயந்துதான் இந்த பிளாக்கில் 8.3, 7.2 என்று இரண்டு வகை செய்து, மட்டமான பெட்ரோல் கிடைக்கும் இடங்களுக்கு 7.2-ஐக் கொடுத்தார்கள். பிறகு பெட்ரோல் மாறிவிட்டது. பி.எஸ்.2 காலத்தில் ஆக்டேன் 88. பி.எஸ்.6-இல் 91. இ20-இல் 95. எத்தனால் வெப்பத்தில் ஏழை, ஆக்டேனில் பணக்காரன். நாம் இழப்பை மட்டும் அனுபவித்துக்கொண்டு வரவைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

எரிபொருள் மாறும்போது எஞ்சினையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டி.வி.எஸ். கரியிலிருந்து வாயு எடுத்து பஸ் ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. கரி வாயுவில் வலு கணிசமாகக் குறையும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் டைமிங்கை முன்னே தள்ளியும் காற்றுக் கலவையைக் கையால் சரிசெய்தும் பஸ்ஸை ஓட்ட வேண்டியிருந்தது. எரிபொருள் மாறியதும் எஞ்சினைத் தொடாமல் சும்மா இருந்துவிட்டு எரிபொருளைக் குறை சொல்லும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஹெட்டைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஷன் கேஜை வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு கசிகிறது. ரிங் போன எஞ்சினில் ஹெட்டைச் சீவுவது காசைக் கொட்டும் வேலை. முதலில் போர் போட்டு ரிங் மாற்ற வேண்டும். வண்டி புதிதாக வந்தபோது இருந்த வலுவில் பெரும் பங்கு இப்படித் தேய்மானத்தில் போயிருக்கிறது. அதை மீட்டாலே சிலருக்குப் போதும், மேற்கொண்டு எதுவும் வேண்டியிருக்காது.

பிளாக் நன்றாக இருந்தால் ஹெட்டை இறக்கலாம். இறக்குகிற அந்த ஒரு தடவையிலேயே மூன்று வேலையையும் முடித்துவிடுங்கள். ஒன்று வால்வு. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். அந்த ஈயம்தான் இரும்பு ஹெட்டின் வால்வு சீட் தேயாமல் காத்து வந்தது. ஆகவே எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் இன்சர்ட் போட்டு, வால்வை லேப்பிங் செய்யுங்கள். அடுத்தது போர்ட். கரியைச் சுத்தமாக எடுத்து, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கேஸ்கெட் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் சரிசெய்யுங்கள். போர்ட்டைப் பெரிதாகக் குடைய வேண்டாம். குடைந்தால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் குறைந்து, இருக்கிற இழுவையும் போய்விடும்.

மூன்றாவதுதான் ஃபேசிங், அதாவது ஹெட்டைச் சீவுவது. இங்கேதான் நம் பட்டறைகள் கண்மதிப்பில் வேலை செய்கின்றன. தயவுசெய்து அளந்து செய்யுங்கள். 1489-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. 7.2 கம்ப்ரஷன் என்றால் மேலே மிஞ்சும் இடம் 60 சிசி. 8.3 வேண்டுமென்றால் அது 51 சிசி ஆக வேண்டும். இந்த இடத்தில் ஹெட்டின் அறையோடு கேஸ்கெட்டின் கனமும், பிஸ்டன் தலையின் பள்ளமும் அடக்கம். ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, ஓட்டையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பள்ளிக்கூட லேபில் இருக்கிற ப்யூரெட்டாலோ ஊசி போடும் சிரிஞ்சாலோ மெல்லிய ஆயில் விட்டு நான்கு அறையையும் அளக்கலாம். நான்கும் ஒரே அளவில் இருக்காது. அவற்றைச் சமப்படுத்துவதே எஞ்சினின் நடுக்கத்தைக் குறைத்துவிடும். குறைக்க வேண்டியது முழுவதையும் ஃபேசிங்கிலேயே எடுக்க முடியாமலும் போகலாம். ஏற்கெனவே பலமுறை சீவிய ஹெட் என்றால் தண்ணீர் போகும் அறை மெலிந்திருக்கும், மேலும் சீவினால் விரிசல் விடும். அப்போது பாதியோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. இதே குடும்பத்தின் 1798 சிசி எஞ்சின் எம்.ஜி.பி.யில் 8.8 வரை ஓடியது உண்மை. நம் வெயிலுக்கும், எந்த பங்க்கில் என்ன கிடைக்குமோ என்ற நிலைமைக்கும் 8.3 போதும்.

ஹெட் ஏறிய பிறகு ஜெட். சோலெக்ஸில் ஜெட் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது. 115 இருக்கும் இடத்தில் 120 போட்டால், ஓட்டையின் பரப்பு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். இ20-க்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அது புகையாகத்தான் போகும். எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. கீழே இருக்கும் நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்கிப் பாருங்கள். ஐட்லிங் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் போனால் குறைவு. கொஞ்சம் ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. மேலே டேஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றிப்போய் மிதித்தவுடன் திணறுகிற வண்டிக்கு ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்?

ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செலவுக் கணக்கில் பார்க்க வேண்டாம். நம்மில் பலர் வண்டி நிறுத்துவது தீப்பெட்டியோ பட்டாசோ அடுக்கிய கிட்டங்கிக்குப் பக்கத்தில். வெடித்த ஹோஸிலிருந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் சொட்டுகிற வண்டி அங்கே நிற்கவே கூடாது. சைலன்சரைத் திறந்துவிட்டால் வலு கூடும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். நம் வேகத்தில் அதில் வலு ஏதும் வராது. டைமிங் தப்பிய எஞ்சினில் பின்னால் படபடவென்று தீப்பொறிதான் வரும். இந்த மண்ணில் அதன் விலை நமக்குத் தெரியும்.

டைமிங் என்றதும் டிஸ்ட்ரிபியூட்டர். ஹெட்டைச் சீவிய பிறகு பழைய குறியில் வைத்து ஓட்டாதீர்கள். டைமிங் லைட் வைத்துப் பார்த்து, தட்டும் சத்தம் எங்கே தொடங்குகிறதோ அதற்குக் கொஞ்சம் பின்னே வையுங்கள். வேக்யூம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கிழிந்ததை அடைத்துவிட்டு ஓட்டுகிற வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஒரே சீராகப் போகும்போது மைலேஜ் கொடுப்பதே அந்தச் சின்னத் தகடுதான். அதை அடைப்பவர் வேறு எதில் சிக்கனம் பார்த்தும் ஈடுகட்ட முடியாது.

கோடையில் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெயில் நாற்பதைத் தொட்டாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் 80 டிகிரி பக்கம் இருந்தால்தான் பெட்ரோல் ஆவியாகி ஒழுங்காக எரியும். வால்வு இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வடிந்து ஆயிலைக் கழுவிவிடும். வண்டி சூடேறினால் காரணம் அடைத்த ரேடியேட்டரும் தளர்ந்த பெல்ட்டும்தான். அதே நேரத்தில் எஞ்சினுக்குப் போகும் காற்று குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டுக்குள் 70 டிகிரியில் கிடக்கும் காற்று, வெளியே இருக்கும் 40 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 9 சதவீதம் மெலிந்தது. கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு குழாய் இழுத்தால் அவ்வளவும் கிடைக்கும். கரிசல் புழுதி அதோடு உள்ளே வரும், ஃபில்டரை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் பாச்சை உருண்டை, கொஞ்சம் மண்ணெண்ணெய். இவற்றைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் சாதனங்களைச் சோதித்துப் பார்த்தது. பலன் தந்தவை மிகச் சில, அந்தப் பலனும் சொற்பம்.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு சொல். 1990-களில் அம்பாசிடருக்கே 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. நல்ல ஜோடி அது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் பார்த்து, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். இன்னொன்றும் யோசியுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய, எஞ்சினிலும் சேஸிஸிலும் உடம்பிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு வின்டேஜ் பதிவு கிடைக்கும். 1970-களின் மார்க் 2-வோ ஹெரால்டோ வைத்திருப்பவர் அந்தத் தகுதியை ஒரு எஞ்சினுக்காக இழக்க வேண்டுமா? ஜெட்டும் டைமிங்கும் எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றக்கூடியவை. ஹெட்டைச் சீவும்போதும், உடன் வந்த ஹெட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வேறொரு ஹெட்டில் செய்யுங்கள்.

எஞ்சினும் உடம்பும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலமே பார்த்திருக்கிறது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உண்டு. இங்கே போட்டது 1940-களின் வேன்கார்டு எஞ்சின் வழிவந்த 1991 சிசி. ஃபெர்குசன் டிராக்டரை ஓட்டியதும் அந்தக் குடும்பத்து எஞ்சின்தான். கனத்த உடம்பை இழுக்க அது பெட்ரோலைக் குடித்தது, வாங்கியவர்கள் சலித்தார்கள், சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுபோனது. அதே 1991 சிசி 1953-இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற எடை குறைந்த காரில் 90 குதிரைத்திறன் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தது. எஞ்சினைக் குறை சொல்லும் முன் அது இழுக்கிற எடையைப் பாருங்கள். டிக்கியில் கிடக்கும் பழைய இரும்பு, ஒட்டிக்கொண்டு ஓடும் பிரேக் ஷூ, காற்று இறங்கிய டயர் எல்லாம் எஞ்சினுக்குத்தான் பாரம். சமமான ரோட்டில் அறுபதில் போய் நியூட்ரலில் விட்டு, நாற்பதுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். எதிர்த்திசையிலும் ஒருமுறை. விநாடி குறைவாக இருந்தால் வண்டியை எங்கோ ஏதோ பிடித்து இழுக்கிறது.

நான்கு வழிச்சாலையில் நூறில் போகிறபோது காற்றின் எதிர்ப்பு எண்பதில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அம்பாசிடரின் வட்டமான முகம் வாங்கும் இந்த எதிர்ப்பை எந்த ஜெட்டும் ஈடுகட்டாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் அறிவு முழுவதும் விரல் நுனியில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், நாம் வண்டிகளோடு ஓரிடத்தில் கூடுவோம். மருந்துச் சரக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியாக இருக்கட்டும். ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு டைமிங் லைட், ஒரு ப்யூரெட் பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு சிலிண்டரின் அளவு, ஜெட் எண், டைமிங், டேங்க் நிரப்பி விருதுநகர் வரை போய் வந்து மறுபடி நிரப்பியபோது வந்த மைலேஜ், இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுவோம். ஹெட் வேலை முடிந்த வண்டிக்கு அதே ரோட்டில், அதே வேகத்தில் இன்னொரு வரி. சீட் இன்சர்ட்டை வீட்டில் தயாரிக்கிற லேத்காரர் யாராவது உங்களில் இருந்தால், எந்த அளவில், எந்த உலோகத்தில் செய்கிறீர்கள் என்பதையும் அந்த நோட்டுக்குத் தாருங்கள்.